ஒன்பதுக்கு இடம் தெரியாது

எந்த எண்ணைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டிவிடுவது வசந்தாமணிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். கோபியிலிருந்து ஈரோடு போகும் பேருந்துச் சீட்டில் தொடங்கியது. நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு ரூட் பதினெட்டில் முன்னால் போகும் கார்களின் எண் பலகை, பால் கேனில் அச்சடித்த தேதி, ஆபீஸ்களில் கிழித்துக் கொடுக்கும் டோக்கன் என்று எதையும் விட்டதில்லை. கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வாள். அதனால் யாருக்கும் நன்மையும் இல்லை, தொந்தரவும் இல்லை.

ஆகவே 1998 அக்டோபர் ஐந்தாம் தேதி, டாக்டரின் அலுவலகத்தில் கொடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது, அதிலிருந்த நோயின் பெயரைப் படிப்பதற்கு முன்பே மேல்மூலையிலிருந்த எண்ணைக் கூட்டிவிட்டாள். 41827-5. நாலும் ஒன்றும் ஐந்து, எட்டோடு பதிமூன்று, இரண்டோடு பதினைந்து, ஏழோடு இருபத்திரண்டு, கோட்டுக்குப் பின்னாலிருந்த ஐந்தையும் சேர்த்தால் இருபத்தேழு. மூன்று ஒன்பது. மிச்சம் இல்லை.

நோயின் பெயரை அவள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து இரண்டு வாரத்துக்கு முன் ஊசி போட்டு எடுத்த துணுக்கில் புற்று இருக்கிறது. வேகமாகப் பரவும் வகை. மார்பை முழுவதும் எடுத்துவிடுவது நல்லது. இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. நிதானமாகத்தான் சொன்னார். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவர் பேச்சைத் தொடங்கியபோதே பாதி தெரிந்துவிட்டது. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. கணவன் கிட்டுசாமி பக்கத்து நாற்காலியில், யாரும் கேட்காமலேயே இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்து நீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவன் மூன்று வயது வெண்பாவைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் அந்த அபார்ட்மென்டில் மத்தியானத்தில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. வசந்தாமணி மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். கோடு போட்டு, பின்னால் வால் மாதிரி ஓர் இலக்கம். இந்த வகை எண்ணை அவளுக்குத் தெரியும். அது அவள் வீட்டில் பிறந்தது.

அவர்கள் அமெரிக்கா வந்த ஐந்தாம் மாதம், 1995 ஜனவரியில், எடிசனில் கன்சல்டன்சி நடத்திய சேனாபதி கிட்டுசாமியை ராரிட்டன் ஆற்றுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிறிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளைப் பரிசோதித்து டாக்டர்களுக்கு அறிக்கை அனுப்பும் இடம். அதுவரை நோட்டில் எழுதிவந்ததை கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு துணுக்குக்கும் ஓர் எண். எண்ணைத் தப்பாக டைப் அடித்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று அவன் ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டான். கணக்கு லெக்சரரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே எதற்கு அலைவது என்று கேலி வேறு. அவள் அப்போது வெண்பாவைச் சுமந்துகொண்டிருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. படுத்த இடத்திலிருந்தே சொன்னாள்: கடைசியில் இன்னோர் இலக்கத்தைச் சேருங்கள், எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பதின் மடங்காக வர வேண்டும், வராவிட்டால் தப்பு. அவன் சிகரெட் அட்டை அளவு காகிதத்தில் குறித்துக்கொண்டான். மறுநாள் அது வேலை செய்கிறது என்று சந்தோஷமாக வந்து சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கு அங்கேயேதான் வேலை.

ஒன்பதை நம்பியதில் குற்றம் இல்லை. ஆனால் ஒன்பதின் குணம் அவளுக்குத் தெரியும். பத்தை ஒன்பதால் வகுத்தால் மிச்சம் ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று, ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்று. ஆகவே ஒன்பதின் கண்ணுக்கு எழுபதும் ஏழுதான், எழுநூறும் ஏழுதான். எந்த இலக்கம் என்று அதற்குத் தெரியும். எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஏழை எட்டாக எழுதினால் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிக்கொண்டால் பேசாமல் இருந்துவிடும். கோபியில் மூன்று வருடம் பாடம் எடுத்தபோது, ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் 27 என்றும் 72 என்றும் எழுதி, ஒன்பது ஏமாறும் இடம் இதுதான் என்று அவளே காட்டியிருக்கிறாள். மாணவிகள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, நாற்பத்தைந்து, அதுவும் ஒன்பதின் மடங்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

தெரிந்திருந்தும் ஏன் சொன்னாள்? அந்த மத்தியானம் அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். அவள் சாக்பீஸ் பிடித்தவள். அதுவரை டைப்ரைட்டரைத் தொட்டதில்லை. கையால் எழுதுகிறவர்கள் இலக்கத்தைத் தப்பாக எழுதுவார்கள், ஒன்று ஏழாகும், மூன்று எட்டாகும். டைப் அடிக்கிறவர்களின் தப்பு வேறு. அவர்களுக்கு ஒரு விரல் முந்திக்கொள்ளும். எண் இடம் மாறும். அது அன்றைக்கு அவள் நினைவுக்கே வரவில்லை.

தாளின் ஓரத்தில் பென்சிலால் 41872 என்று எழுதினாள். கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. வால் அதே ஐந்து. அவள் எண்ணுக்கு நாற்பத்தைந்து துணுக்குகள் தள்ளி, வேறு யாரோ.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதலில் வந்தது பயம் இல்லை. அது அவளை அதைவிட அதிகமாகக் கலக்கியது. முதலில் வந்தது ஆசை. இது அந்த இன்னொருத்தியின் தாளாக இருக்கட்டும் என்ற ஆசை.

கிட்டுசாமி திரும்பி வந்ததும் சொன்னாள். அவன் முதலில் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்து, பால் காய்ச்சித் தரட்டுமா என்று கேட்டான். பென்சிலை எடுத்து இரண்டு எண்களையும் அவன் முன்னால் கூட்டிக் காட்டினாள். கூட்டிமுடித்த பிறகும் அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பிடியெல்லாம் மாறாது வசந்தா," என்றான். "ஒரு ரிப்போர்ட் தப்பான நம்பருக்குப் போனா, அந்த நம்பரோட சொந்த ரிப்போர்ட் வர்றப்ப, ஏற்கெனவே இருக்குன்னு ஸ்கிரீன் சொல்லிப்போடும்."

"சொன்னா டைப் பண்றவிய என்ன பண்ணுவாங்க?"

 வேலை நடக்கும் விதம் அவனுக்கு மனப்பாடம். ஆய்வகத்து டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணாடிச் சில்லைப் பார்த்தபடி எண்ணையும் முடிவையும் டேப்பில் பேசுவார். டைப்பிஸ்ட் காதில் மாட்டிக்கொண்டு அடிப்பாள். முதலில் எண்ணை அடித்ததும் பெயரும் திரையில் வரும்படிதான் அவன் செய்திருந்தான். பெயர் வர நாலு விநாடி ஆகிறது, ஒரு நாளைக்கு நாற்பது நாற்பத்தைந்து ரிப்போர்ட், கை காத்திருக்கிறது என்று டைப்பிஸ்டுகள் முறையிட்டதால் எடுத்துவிட்டான். வால் இலக்கம்தான் இருக்கிறதே என்று எல்லோருக்கும் தைரியம். ஆகவே, வசந்தாமணியின் ரிப்போர்ட் தவறி 41872-இல் ஏறியிருந்து, 41872-இன் சொந்த ரிப்போர்ட்டை அடிக்கும்போது இந்த எண்ணில் ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறது என்று திரை சொன்னால், தனக்குத்தான் காதில் சரியாக விழவில்லை என்று டைப்பிஸ்ட் நினைப்பாள். இன்னும் காலியாக இருக்கும் எண்களின் பட்டியலைத் திறப்பாள். அதில் 41827 காலியாக இருக்கும். ஓ, இதுதான் போலிருக்கிறது என்று அதில் போட்டுவிடுவாள். சாயங்காலம் டாக்டர் நாற்பது தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள்.

மறுநாள் அவன் ஆய்வகத்திலிருந்து ஆறு மணிக்கு வந்தான். ஷூவைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்தது இந்த நாலு வருடத்தில் அதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் சிங்க்கில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த எண் இருக்கிறது என்றான். பெண்தான். முப்பத்தாறு வயது. அதுவும் மார்பில் எடுத்த துணுக்குதான். ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. இரண்டும் ஒரே டேப்பில் பேசப்பட்டவை.

பேர் என்ன என்று அவள் கேட்டாள். பேரைப் பார்க்கவில்லை என்றான். பார்த்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கழுவிய கையை மறுபடியும் கழுவினான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. ஒன்று வந்தால் மற்றது போகும். ரிப்போர்ட் மாறவில்லை என்றால் அவள் உடம்பில் புற்று. மாறியிருந்தால், ஒன்றும் இல்லாத மார்பை அவள் இருபத்திரண்டாம் தேதி அறுத்துக் கொடுக்கப்போகிறாள். எங்கேயோ ஒருத்தி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள் வளர்வதை அறியாமல் சமைத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கொல்லப்போவது கோபிக்காரி ஒருத்தி படுத்த இடத்திலிருந்து சொன்ன ஒரு கணக்கு.

உடனே ஆய்வகத்தில் சொல்லிவிடலாம் என்றாள் வசந்தாமணி. கிட்டுசாமி மறுத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். இது அவன் செய்த புரோகிராம். தெரிந்தால் அன்றைக்கே அவனை வெளியே அனுப்புவார்கள். சேனாபதி வேறு இடம் பார்த்துத் தருகிற ஆள் இல்லை. கேஸ் வரும் என்று பயந்து தானும் கழற்றிவிடுவார். வேலை இல்லாவிட்டால் ஹெச்-ஒன் விசா இல்லை, கிரீன் கார்டு பேப்பரும் அதோடு முடிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் அந்த மாதத்தோடு போய்விடும். ஆபரேஷனும் அதற்கு மேல் ஆறு மாதம் மருந்தும் கையிலிருந்து கட்டுகிற காரியமா?

"முதல்ல உனக்கு என்னன்னு தெரிஞ்சுக்கோணும்," என்றான். "வேற டாக்டர்கிட்டப் போய் இன்னொருக்கா ஊசி போட்டு எடுக்கச் சொல்லலாம். செகண்ட் ஒப்பீனியன். இன்ஷூரன்ஸ்ல குடுப்பாங்க. எதுக்குன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவள் சம்மதித்தாள். அந்தச் சம்மதத்தில் தன் சுயநலம் எவ்வளவு என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

எட்டாம் தேதி வேறோர் ஊரில், வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும் டாக்டரிடம் மறுபடியும் ஊசி. நடுவில் கொலம்பஸ் தின விடுமுறை வந்ததால் முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரம் வசந்தாமணி கடைக்குப் போனாலும் நூலகத்துக்குப் போனாலும் முப்பத்தாறு வயது தோன்றும் பெண்களையே பார்த்தாள். காய்கறிக் கடையில் வெள்ளரிக்காயைப் பிளாஸ்டிக் பையில் போட்டபடி எதற்கோ சிரித்த ஒருத்தியைப் பார்த்து, இவளாக இருக்குமோ என்று நின்றுவிட்டாள். அந்தப் பெண் திரும்பி, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கூடையை அங்கேயே வைத்து வெளியே வந்தாள்.  சாமி கும்பிடவும் முடியவில்லை. விளக்கேற்றிக் கையைக் கூப்பினால் என்ன கேட்பது? எனக்கு இருக்கக்கூடாது என்று கேட்டால், அவளுக்கு இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் வெறுமனே கும்பிட்டாள். மூன்றாம் நாள் விளக்கே ஏற்றவில்லை.

வெண்பா அம்மாவின் மடியில் ஏற வருவாள். இடப்பக்கம் சாயும்போது வசந்தாமணி அவளை எடுத்து வலப்பக்கம் மாற்றுவாள். "No, this side," என்று குழந்தை பிடிவாதமாகத் திரும்பவும் இடப்பக்கம் வரும்.

வேறு வேலை ஓடாததால் கணக்குப் போட்டாள். அதுவும் பயத்தைத்தான் கூட்டியது. ஒவ்வொரு நூறு எண்களிலும் கடைசி இரண்டு இலக்கங்களைத் திருப்பினால் இன்னோர் எண் கிடைக்கும். 11, 22, 33 மாதிரி ஒரே இலக்கம் இரண்டு தடவை வருகிற பத்து எண்களுக்கு மட்டும்தான் ஜோடி கிடையாது. மிச்சம் தொண்ணூறு பேருக்கும் அதே நூறுக்குள்ளேயே, அதே வாரத்திலேயே, அதே வாலோடு ஒரு ஜோடி இருக்கிறது. நூற்றுக்கு நாற்பத்தைந்து ஜோடி. ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்து அவள் எண் வரைக்கும் முழுதாக நானூற்றுப் பதினெட்டு நூறுகள். பெருக்கினாள். பதினெட்டாயிரத்து எண்ணூற்றுப் பத்து ஜோடி. எத்தனை பேருக்கு விரல் முந்தியிருக்கும் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாம் முடிவு வந்தது. புற்றுதான். அதே வகை, அதே வார்த்தைகள். ரிப்போர்ட் மாறவில்லை. முதல் தாள் அவளுடைய தாள்தான்.

டாக்டரின் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து காரில் ஏறிய பிறகும் கிட்டுசாமி சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்படித் தடவும்போது அவள் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. பத்து நாளாக விறைத்திருந்த அவன் தோள் தளர்ந்திருந்தது. அவனுக்குத் தெரியாமலேயே தளர்ந்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்குள்ளும் எங்கோ ஒரு மூச்சு விடுபட்டதை அவளும் உணர்ந்தாள். அந்த முப்பத்தாறு வயதுக்காரி பிழைத்தாள். அந்த மூச்சு முடிந்ததும், இனி ஒதுங்கிக்கொள்ள இடமில்லாத பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் பேசினான். எதுவும் மாறவில்லை, ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் முடியட்டும். மருந்து முடியட்டும். அப்புறம் ஒரு நாள் பேச்சில்லாமல் புரோகிராமைத் திருத்திவிடுகிறேன். இடம் மாறினாலும் பிடிக்கிற மாதிரி ஏதாவது எண் இருக்கிறதா என்று கேட்டான்.

இருக்கிறது என்றாள். பதினொன்று. பதினொன்றுக்கு இடம் தெரியும். ஒன்று விட்டு ஒன்று கூட்டி, கழித்து...

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஏனுங்க, இனிமே வர்றதைத் திருத்திப்போடலாம். வந்து போனதுக்கு என்ன பண்றது?"

"எல்லாமா மாறியிருக்கும்? உன்றது மாறலையே."

"என்றது மாறலைன்னு ரெண்டாவது ஊசி போட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். ஒண்ணுமில்லைன்னு தாள் வாங்கினவ யாருங்க ரெண்டாவது ஊசி போடுவா?"

 ஹாலில் வெண்பா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம் பொறு அம்மணி," என்றான் கடைசியில். கெஞ்சுகிற குரல். "உன்னைக் காப்பாத்திக்கிறேன். அப்புறம் அவங்க என்னைய என்ன வேணா பண்ணட்டும்."

அன்றைக்கும் மறுநாளும் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பது எளிதாகத்தான் இருந்தது. வருகிற திங்கட்கிழமை தீபாவளி. சேனாபதியின் மனைவி சாந்தாமணி அக்கா முறுக்கும் மைசூர்பாகும் கொடுத்தனுப்பியிருந்தார். விஷயம் அவர்களுக்குத் தெரியாது. முறுக்கு டப்பாவின் மூடியிலிருந்த விலை எண்ணை வசந்தாமணி கூட்டிப் பார்த்தாள். மிச்சம் நாலு. ஒரு மாசம் என்றால் எத்தனை தாள்? ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து வைத்தால் தொள்ளாயிரம், ஆயிரம். டப்பாவைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிட்டுசாமி குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சுவரிலிருந்த போனை எடுத்து, தாளின் அடியில் அச்சடித்திருந்த ஆய்வகத்தின் எண்ணை அழுத்தினாள். பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. நான் ஒரு நோயாளி, என் எண்ணோடு வேறொருவர் எண் மாற வழியிருக்கிறது, யார் பொறுப்போ அவரிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். புருஷனின் பேரைச் சொல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம்.

எடுத்த பெண்ணின் ஆங்கிலத்தில் அவசரம் இருந்தது. சனிக்கிழமை என்பதால் ஆள் குறைவாக இருக்கலாம். பின்னால் வேறொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. வசந்தாமணி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், எண்ணைக் கொடுங்கள் மேம் என்றாள். நாலு, ஒன்று, எட்டு, இரண்டு, ஏழு, கோடு, ஐந்து என்று வசந்தாமணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுமுனையில் விசைகள் வேகமாகத் தட்டுப்படும் சத்தம். கிட்டுசாமி இட்லித் தட்டோடு எழுந்து நின்றிருந்தான்.

"கிடைச்சிருச்சு மேம்." குரல் இப்போது கொஞ்சம் இளகியிருந்தது. நோயாளியின் குரலிலிருந்த நடுக்கம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "நான் போன்ல சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீங்க ரொம்பப் பயந்திருக்கீங்க போலிருக்கு, அதனால சொல்றேன். எல்லாம் நார்மல். கவலைப்படாம வீக்எண்டை என்ஜாய் பண்ணுங்க."

 அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் வசந்தாமணியின் உடம்பு போய்ச் சாய்ந்துகொண்டது. நார்மல். இரண்டு ஊசி, இரண்டு தாள், வியாழக்கிழமை எல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றன. ஒரு மூச்சு நேரம்தான். இடது கை தானாக மார்புக்குப் போனது. கட்டி அங்கேயே இருந்தது.

"அந்த ரிப்போர்ட்டில் பெயர் என்ன என்று இருக்கிறது?" என்று கேட்டாள்.

"டயேன் கோவால்ஸ்கி, சேயர்வில். நீங்கதானே மேம்?"

பேர் காதில் விழுந்துவிட்டது. இத்தனை நாள் முகமில்லாமல் கடைகளில் நடமாடியவளுக்கு இப்போது பேரும் ஊரும் இருந்தன. பத்து மைல் தூரம்.

"இல்லை," என்றாள் வசந்தாமணி. "அது நான் இல்லை. நீங்கள் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் ஏன் உங்களைத் தடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

 மறுமுனையில் மறுபடியும் விசைகள், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொன்றாக. "ஓ மை காட்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள் அந்தப் பெண். ரிசீவர் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

கிட்டுசாமி பக்கத்தில் வந்திருந்தான். மறுமுனையில் பேசியது அவனுக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டதும் அவன் கண்ணை மூடியதை அவள் பார்த்தாள். போனை வைத்துவிடு என்று சொல்ல அவனுக்கு இப்போது நேரம் இருந்தது. கொக்கியை அமுக்கினால் போதும், அவன் கை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையில் இட்லி ஒட்டியிருந்தது. வசந்தாமணியின் உள்ளங்கை ஈரத்தில் ரிசீவர் நழுவியது. வியாழக்கிழமை, மாதக் கடைசி, மருந்து, குழந்தை என்று அவள் மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. 

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரிசீவரை அவளிடமிருந்து வாங்கினான்.

"உக்காரு நீ," என்றான்.

அவள் உட்கார்ந்தாள். வெண்பா தட்டில் மிச்சமிருந்த இட்லியைப் பிய்த்துத் தானே தின்ன ஆரம்பித்திருந்தாள். மறுமுனையில் யாரோ வந்து போனை எடுக்கும் சத்தம் கேட்டது. கிட்டுசாமி தொண்டையைச் செருமினான். தன் பேரை எழுத்து எழுத்தாக, தப்பு வராதபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அந்த புரோகிராமை எழுதியவன் நான்தான் என்றான்.